அரைமணி நேர ஆகாயம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

"பயப்படாதே!"

இந்தச் சொல்லைப் போலப் பயனற்ற சொல் தமிழில் வேறொன்று இருக்க முடியாது என்பது என் துணிபு. சொல்பவர்கள் நல்லவர்கள், நம்மீது அன்பு கொண்டவர்கள். ஆனாலும் நடுங்குகிறவனைப் பார்த்துப் 'பயப்படாதே' என்பது, காய்ச்சலில் கிடப்பவனைப் பார்த்து 'உடம்பு சுடாமல் பார்த்துக்கொள்' என்று சொல்வதைப் போன்றதுதான். அவன் வேண்டுமென்றா சுடுகிறான்?

தேர்வு அச்சத்தைப் பற்றி ஆண்டு மலர்களில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வென்றவர்கள். அவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது, கரையில் நிற்பவர் நீச்சல் சொல்லிக் கொடுப்பது போல எனக்குத் தோன்றும். நான் தோற்றவன். முதல் பருவத்தில் துணைப்பாடக் கணிதத்தில் அரியர் வைத்தவன். எனவே இதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி உண்டு என்று நம்பி எழுதுகிறேன்.

அன்று வினாத்தாள் கைக்கு வந்தது. முதல் வினாவே நான் மூன்று முறை போட்டுப் பார்த்த கணக்கு. ஆனால் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தனவே தவிர மனத்துக்குள் இறங்கவில்லை. உள்ளங்கை வியர்த்து விடைத்தாளின் ஓரம் ஈரமாயிற்று. என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசை பக்கத்து மேசைக்காரனுக்குக் கேட்டுவிடுமோ என்று கூசினேன். கணக்கு வரவேண்டிய இடத்தில் எனக்கு வந்தது அம்மாவின் காது. சேர்க்கைக்கும் புத்தகத்துக்கும் இரண்டு செட் உடுப்புக்கும் என்று அடகுக் கடைக்குப் போன தோடு அன்றுவரை திரும்பவில்லை. துளை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சி செருகியிருந்தாள். மூன்று மணி நேரத் தேர்வில் நான் கண்டதெல்லாம் அந்தக் குச்சிதான். இரண்டு பக்கம் எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

விலங்கியல் படிக்கும் நண்பன் ஒருவன் இதற்கு விளக்கம் சொன்னான். ஆபத்து என்று மூளை கருதிவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, இரத்தம் கைகால் தசைகளுக்குப் பாய்கிறது. உடம்பு ஓடுவதற்கோ, எதிர்த்து நிற்பதற்கோ ஆயத்தமாகிறது. புலி வந்தால் இந்த ஏற்பாடு மிகவும் உதவும். வகைக்கெழுச் சமன்பாடு வந்தால் என்ன செய்வது? ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது.

என் வினா வேறு. வகுப்பில் அறுபது பேர் இருக்கிறோம். எல்லாருக்கும் தேர்வு உண்டு. எல்லாருக்கும் அட்ரினலின் உண்டு. சிலருக்கு மட்டும் அது ஏன் புலியாகிறது?

நம் கல்லூரியில் என்னைப் போன்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசற்படியை மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே முதல் நாளே ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வாங்கியவர்கள். நமக்கு வீட்டில் யாரும் 'படி, படி' என்று நெருக்குவதில்லை. என்ன படிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நெருக்குவது அவர்களுடைய நம்பிக்கை. அதைவிடக் கனமான பாடப் புத்தகத்தை நான் சுமந்ததில்லை.

இந்தக் கனம் நம்மிடம் ஒரு விந்தையான பழக்கத்தை வளர்த்துவிடுகிறது. மகிழ்ச்சி என்றாலே குற்றம் செய்துவிட்டது போல உணர்கிறோம். பேருந்தில் நண்பர்களோடு சிரித்துக்கொண்டு வருவோம். திடீரென்று 'அப்பா இந்நேரம் வெயிலில் நிற்பாரே' என்று நினைவு வரும். சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நம் சிரிப்பை நாமே திருட்டுப் பொருளைப் போல ஒளித்து வைக்கிறோம். முதல் பருவத்தில் நான் இதை ஒரு நோன்பாகவே கடைப்பிடித்தேன். மட்டைப்பந்தை விட்டேன். பாட்டுக் கேட்பதை விட்டேன். சிறு வயது முதல் எனக்கிருந்த ஒரே பைத்தியமாகிய வானம் பார்ப்பதையும் விட்டேன். மாடிப்படி ஏறினால் மேலே பார்த்துவிடுவேனோ என்று தலைகுனிந்தே ஏறினேன். மூன்று மாதம் புத்தகமும் நானும் மட்டும். முடிவு என்னவென்று மேலே சொல்லிவிட்டேன்.

தேர்வு முடிவு சனவரியில் வந்தது. எட்டு நாள் வீட்டில் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் இரவு அப்பா, "மடை திருப்பணும், தொணைக்கு வரியா?" என்று கூப்பிட்டார்.

கிராமத்து நண்பர்களுக்கு இது புரியும், நகரத்தவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் எங்கள் பக்கம் முறை வைத்து வரும். இரவு முறை என்றால் இரவில்தான் நீர் பாய்ச்ச வேண்டும். நிலம் எங்களுடையதன்று. அப்பா கூலிக்குப் பாய்ச்சுகிறவர். பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, மம்மட்டியோடு பாத்திக்குப் பாத்தி நடப்பார். நான் சிறுவனாக இருந்தபோது இப்படி அவரோடு போய் வரப்பில் படுத்துக்கொண்டுதான் வானத்தைப் பழகினேன். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை மீன் என்று எண்ணச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கைக்கடிகாரம் கட்டாதவர். எந்த வெள்ளி எந்தப் பனைக்கு மேலே வந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்றும் வானம் கழுவி வைத்தது போல இருந்தது. அப்பா மம்மட்டியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "மூணு வெள்ளி வரிசையா நிக்குதே, உங்க புஸ்தகத்துல அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டார்.

ஓரியன் என்றேன். அந்த மூன்றும் வேட்டைக்காரனின் இடைவார் என்று மேலைநாட்டார் சொல்வதைச் சொன்னேன். அதற்கு ஒரு பக்கத்தில் சிவப்பாகத் தெரிவதுதான் நம்முடைய திருவாதிரை என்றேன். இடைவாருக்குக் கீழே ஊதிவிட்ட பஞ்சு போலக் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. "அது வெள்ளி இல்லப்பா. வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். அதுல புதுசு புதுசா வெள்ளிங்க பொறக்குது. அங்கேருந்து வெளிச்சம் இங்க வந்து சேர ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆவும். காஞ்சிபுரத்துல பல்லவ ராஜாங்க ஆண்டப்ப கெளம்பின வெளிச்சம் இது" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது பழைய வெளிச்சமா?" என்றார்.

பழைய வெளிச்சம்! ஒளியாண்டு என்ற கருத்தை மூன்றாம் வகுப்போடு நின்றவர் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு நாளில் முதல் சிரிப்பு. அரைமணி நேரம் வானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்த அரைமணியில் அரியர் என்ற ஒன்று உலகத்தில் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. நினைவு திரும்பியபோது, ஆச்சரியம், அது முன்பிருந்த அளவில் இல்லை. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறுத்திருந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன்.

"எத்தினி மார்க்கு?"

"பதினேழு."

"எத்தினிக்கு?"

"எழுபத்தஞ்சுக்கு."

அப்பா கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு காலருகே பார்த்து, "தண்ணி பாத்திய மீறிப் போவுது, மம்மட்டிய எடு" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த திட்டு.

வானம் என் அரியரை எழுதித் தரவில்லை. அது வேறு கதை. அந்த இரவில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: அச்சத்தை நேருக்கு நேர் உற்றுப் பார்த்து விரட்ட முடியாது. உற்றுப் பார்க்கப் பார்க்க அது பெரிதாகும். மனத்துக்கு 'அதை நினைக்காதே' என்று ஆணையிடுவது வீண். 'இதைப் பார்' என்று காட்ட ஒன்று வேண்டும். அதுவும் நாம் உண்மையிலேயே நேசிக்கிற ஒன்றாக இருக்க வேண்டும்.

இயற்பியல் மாணவன் என்பதால் ஒரு செய்தி. அந்த மேகத்தைப் போன்ற மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் அது மறைந்தது போலிருக்கும். பார்வையைச் சற்றே ஒதுக்கிப் பக்கத்தில் வைத்தால் தெளியும். விழித்திரையின் நடுவில் நிறமும் நுட்பமும் காணும் கூம்புச் செல்கள் செறிந்திருக்கின்றன; மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் அந்த நடுவை விட்டு விலகி இருக்கின்றன. அதனால்தான் இந்த வித்தை. இன்னொன்று: வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் நன்றாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகிறது. நடுவில் யாராவது கைபேசியைத் திறந்து முகத்துக்கு நேரே காட்டினால் போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

கைபேசி என்றதும் ஒரு தோழன் கேட்டான்: "நானும் அச்சம் வந்தால் அதைத்தானே பார்க்கிறேன்? அதுவும் மகிழ்ச்சிதானே?" நான் இல்லை என்றேன். அரைமணி என்று எடுத்தது இரண்டு மணி ஆகிறது. விரல் ஓய்ந்த பிறகும் மனம் ஓய்வதில்லை. போதாததற்குப் 'பொழுதைப் போக்கிவிட்டோமே' என்ற புதிய அச்சம் ஒன்றும் வந்து சேர்கிறது. அது மறதி. நான் சொல்லும் மகிழ்ச்சிக்கு நாம் கொஞ்சம் உழைக்க வேண்டும். கண்ணோ காதோ கையோ வேலை செய்ய வேண்டும்.

எல்லாரும் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி, வீட்டில் மன அமைதி கிடைக்கும் ஒரே நேரம் விடியற்காலையில் கோலம் போடும் நேரம்தான் என்கிறாள். பதினைந்து புள்ளி, எட்டு வரை இடைப்புள்ளி. கோடு தப்பாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் அன்றைக்கு வகுப்புத் தேர்வே வந்தாலும் கவலையில்லையாம். பொருளாதாரம் படிக்கும் நண்பன் ஏரிக்கரைப் பேருந்து நிறுத்தத்தில் மீன்கொத்திக்காகவே ஒரு பேருந்தைத் தவறவிடுவான். விடுதியில் ஒருவன் பறை அடிப்பான். அவனுக்கு வார்டனிடமிருந்து கிடைக்கும் 'பாராட்டு' வேறு விதமானது! என் பாட்டிக்கு எருமைக் கன்று போதும்.

இதைக் கேட்ட மூத்தவர் ஒருவர், "படிக்காமல் தப்பித்துக்கொள்ள நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறாய்" என்றார். இந்த மறுப்பை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். அதற்குக் கணிதமேதை இராமானுசனின் வாழ்க்கையே சான்று. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர் அவர். கணித இன்பத்தில் மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டதால் உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வைத் தாண்ட முடியவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் மட்டும் கவனிக்கப்படாமல் போயிருந்தால், அவரை இன்று யார் அறிவார்? மேதைக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். என்னைப் போன்றவர்களுக்குக் கிடைக்கப்போவது துணைத்தேர்வு அறிவிப்புதான்.

எனவே நான் வழிகாட்டியாகக் கொள்வது சர் சி.வி. இராமனின் இளமைப் பருவத்தை. 1907இல் கல்கத்தாவில் அரசின் நிதித்துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பகலெல்லாம் கணக்கு வழக்கு. அலுவலகம் போகும் முன்னும், விட்டு வந்த பின்னும், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்துக்கு ஓடுவார். ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் இப்படி. கடமையையும் விடவில்லை, காதலையும் விடவில்லை. 1917இல்தான் அந்த வேலையை விட்டுப் பேராசிரியரானார். நமக்குப் பத்தாண்டு வேண்டாம், நாளுக்கு அரைமணி போதும் என்பது என் கணக்கு. அந்த அரைமணியைப் பெற்றோரின் உழைப்பிலிருந்து திருடிய நேரமாக இப்போது நான் நினைப்பதில்லை. எனக்கு வானத்தைக் காட்டியதே அந்த உழைப்பாளிதானே!

ஏப்ரலில் அரியர்த் தேர்வு வந்தது. முந்தின இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தங்கையை மாடிக்கு அழைத்துப் போனேன். வடக்கே ஏழு முனிவர் கூட்டம் நன்றாக உயர்ந்திருந்தது. வால் பகுதியில் நடுவில் இருப்பவர் வசிட்டர். அவரை ஒட்டினாற்போல் மினுக்கென்று தெரிவது அருந்ததி. "கல்யாணத்துல பட்டப்பகல்ல காட்டுறாங்களே, அதுவா?" என்று கேட்டாள். "அதேதான். பகலில் தெரிகிறது என்று சொன்னால்தான் சாப்பாடு போடுவார்கள்" என்றேன். தொலைநோக்கியில் பார்த்தால் வசிட்டர் ஒருவரே இருவராகத் தெரிவார் என்பதையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே தூங்கப் போனோம்.

மறுநாள் தேர்வுக்கூடத்தில் என் கை வியர்க்கவில்லையா? வியர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அச்சம் அடியோடு அழிந்தது என்று எழுதினால் அது பொய். ஆனால் இந்த முறை அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது. முப்பத்தாறு மதிப்பெண். பெருமைப்பட ஒன்றுமில்லை, தேறிவிட்டேன்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொறுப்பற்றவனாவேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று எண்ணம் வருகிறது என்று ஒரு தோழனோ தோழியோ சொன்னால், அவரிடம் கோலத்தையும் நட்சத்திரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அது மருத்துவர் பார்க்க வேண்டியது. அரசு மருத்துவமனைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையாவது அழைத்துக் கையில் கொடுக்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறோமே!

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன்; இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வுக்கூடம் இருப்பது நமக்குத் தெரியும். வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. அதே காவலூரில் 1988 பிப்ரவரி 17 அன்று வேறொரு தொலைநோக்கியால் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 4130 என்ற வரிசை எண் கொண்ட அதற்கு வைக்கப்பட்ட பெயர் 'இராமானுசன்'. எப்.ஏ. தேறாத அந்த மாணவர் இன்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அவ்வளவு பெரியது நமக்கு வேண்டாம். நம் துறையிலேயே நாலங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டில் அதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தரமதிப்பீட்டுக் குழு வந்தபோது ஒருமுறை. தேசிய அறிவியல் நாள் கண்காட்சியில் ஒருமுறை. இரண்டும் பகல் நேரம்! மற்ற நாளெல்லாம் அது நிறமாலைமானிகளுக்குப் பின்னால், அலமாரியில், துணி போர்த்தி உறங்குகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரையாவது வாரம் ஒருநாள் மாலை அதை மொட்டை மாடிக்குக் கொண்டுவர இசைய வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. அரைமணி போதும். மாணவியர் ஏழேகால் பேருந்தைப் பிடித்துவிடலாம். இரவு வானம் ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா என்ன? நிலவின் பள்ளங்களைப் பார்க்கலாம். வியாழன் மாலையில் தெரியும் காலத்தில், 1610இல் கலிலியோ கண்ட அதன் நான்கு நிலாக்களையும் பார்க்கலாம். இதற்கு மதிப்பெண் வேண்டாம். வருகைப் பதிவும் சான்றிதழும் வேண்டாம். அவை வந்தால் அச்சமும் கூடவே வந்துவிடும்.

மேசை தூக்க நானும் மூன்று நண்பர்களும் இருக்கிறோம். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட விசாரித்துவிட்டேன். ஆய்வக உதவியாளர் சொன்னார்: "துறைத்தலைவர் ஒரு வரி எழுதிக் குடுத்தா இப்பவே தொறந்து விடறேன் தம்பி. ஆனா குழாய் முழுக்கத் தூசி. துடைக்கறதுக்குத் துணி நீதான் கொண்டாரணும்."

அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துப் பையில் வைத்திருக்கிறேன்.